டேங்கருக்குக் கிட் கிடையாது

என் வீட்டுக்காரர் எந்த போட்டோவிலும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது என்பதுதான் முதல் வயிற்றெரிச்சல். அலமாரியைத் துடைக்கிற சாக்கில், ஓய்வு பெற்ற கடற்படைக்காரர்கள் சங்கத்தின் ஆண்டு விழாப் படங்களை எடுத்துக் கட்டில் மேல் பரப்பியிருந்தேன். வருஷத்துக்கு ஒன்று. எல்லாவற்றிலும் அதே ஆட்கள், அதே நெஞ்சு நிமிர்த்தல். தலைமுடி மட்டும் படத்துக்குப் படம் குறைந்துகொண்டே போனது. இவரை மட்டும் காணோம்.

"என்னங்க, இதுல நீங்க எங்க?"

"நான்தானே எடுத்தேன்" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"எல்லா வருஷமுமா?"

"எனக்குத்தான் நிக்க இடம் இல்லையே."

ஏதோ பஸ்ஸில் சீட் கிடைக்காததைச் சொல்வது போலச் சொன்னார். நான் விடவில்லை. தோண்டித் துருவிக் கேட்ட பிறகு விஷயம் வெளியே வந்தது. சங்கத்து ஹாலில் சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. அதற்குள் இவர்கள் வேலை பார்த்த கப்பல்களின் மாதிரிகள், ஒன்றரைச் சாண் நீளத்தில், வரிசையாக நிற்கும். போட்டோ எடுக்கும்போது அவரவர் அவரவர் கப்பலுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அதுதான் சங்கத்து வழக்கம். போர்க்கப்பல்காரர் போர்க்கப்பலுக்குப் பின்னால், நீர்மூழ்கிக்காரர் நீர்மூழ்கிக்குப் பின்னால். இவர் வேலை பார்த்தது டேங்கர். மற்ற கப்பல்களுக்கு நடுக்கடலில் எண்ணெய் நிரப்புகிற கப்பல். அது பெட்டியில் இல்லை. கப்பல் இல்லாதவன் கேமராவைப் பிடி என்று கொடுத்துவிட்டார்கள். இவரும் பிடித்துக்கொண்டார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. இருபது வருஷத்துக்கு மேல் இந்த மனுஷன் அந்தக் கப்பலின் பம்ப் அறையில் கிடந்திருக்கிறார். லீவில் வீட்டுக்கு வந்தால் தலையணை உறையில்கூட எண்ணெய் நாற்றம் அடிக்கும். இரண்டு கப்பல்கள் ஓடிக்கொண்டே பக்கத்துப் பக்கத்தில் வர, நடுவில் குழாயைக் கட்டி, அலை எந்தப் பக்கம் தூக்கினாலும் அது அறுந்துவிடாமல் மணிக்கணக்காக நிற்க வேண்டுமாம். அந்தப் பக்கத்து ஆட்கள் எண்ணெய் வாங்கும்வரை "அண்ணே, அண்ணே" என்று கத்துவார்களாம். டேங்க் நிறைந்ததும் போய்விடுவார்கள். கரைக்கு வந்து ரிட்டயர் ஆன பிறகு அதே ஆட்கள் இவருக்கு வைத்திருக்கும் பெயர் "பங்க்". பெட்ரோல் பங்க்காம். அதைச் சொல்லும்போது இவரும் சேர்ந்து சிரிக்கிறார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறு வாரமே சங்கத்துக்குப் போனேன். கப்பல் மாதிரிகளைச் செய்பவர் ஒருவர் அங்கே எப்போதும் உட்கார்ந்திருப்பார். எல்லாரும் அவரைக் கோந்து என்றுதான் கூப்பிடுவார்கள். க்ரூஸர் என்கிற பெரிய போர்க்கப்பலில் சிக்னல்காரராக இருந்தவர். கடையில் கிட் என்று ஒரு பெட்டி விற்கிறார்கள் அல்லவா, உள்ளே பிளாஸ்டிக் துண்டுகள் சட்டத்தோடு சேர்ந்து இருக்கும், ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்து ஒட்டினால் கப்பல். அதை வாங்கி ஒட்டி, சாயம் பூசி, பெட்டிக்குள் வைப்பது அவர் வேலை. கை நேர்த்தியான மனுஷன், அதில் குறை சொல்ல மாட்டேன்.

"வாங்க தங்கச்சி, வாங்க" என்று வாய் நிறையக் கூப்பிட்டார்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரர் கப்பல் மட்டும் ஏன் இங்க இல்ல?"

அவர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டார். "என்ன செய்யறது தங்கச்சி? டேங்கருக்குக் கிட்னு ஒண்ணே கிடையாது. உலகத்துலயே எவனும் போடறதில்ல. இருந்தா இந்தக் கையாலயே ஒட்டிக் குடுத்திருக்க மாட்டேனா?"

"நான் தேடிக் கொண்டு வந்தா?"

"கொண்டு வாங்க. அன்னைக்கே பெட்டியில இடம் ரெடி. பங்க் நடு சென்டர்ல நிக்கட்டும்."

ஆண்டு விழாவுக்குச் சில வாரங்களே இருந்தன. அதற்குள் கிட் கிடைத்தால் இவர் படத்தில் நிற்பார், கிடைக்காவிட்டால் மறுபடி கேமராவுக்குப் பின்னால். நான் துணிக்கடை பக்கத்துச் சந்தில் ஆல்ட்டரேஷன் தையல் கடை வைத்திருப்பவள். கிடைக்காத பட்டனைத் தேடி ஊரையே சல்லடை போட்டுச் சலித்த அனுபவம் உண்டு. ஒரு கப்பல் கிடைக்காமல் போய்விடுமா என்று கிளம்பினேன்.

பொம்மைக் கடையில் டேங்கர் லாரியைக் காட்டினார்கள். கடலில் போவது வேண்டும் என்றேன். குளியல் தொட்டியில் மிதக்கிற வாத்தை எடுத்து வைத்தாள் ஒரு பெண். வாத்தை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். எங்கள் மகள் தொலைவில் இருக்கிறாள், போனில் தேடித் தருகிறேன் என்றாள். தேடினாள். "அம்மா, இருக்கு, ஆனா எல்லா இடத்துலயும் தீந்துபோச்சுன்னு போட்டிருக்கான்" என்றாள். ஆக, கிட் என்று ஒன்று உண்டு. கோந்து சொன்னது சுத்தப் பொய்யா, தெரியாமல் சொன்னதா என்று அப்போது நான் யோசிக்கவில்லை. தெரியாமல்தான் சொல்லியிருப்பார் என்று நல்ல எண்ணத்தோடு இருந்தேன்.

பிறகு கிட் மட்டுமே விற்கிற ஒரு கடைக்குப் போனேன். தரையிலிருந்து கூரைவரை பெட்டிகள். பெட்டிக்குப் பெட்டி பீரங்கி, புகை, நெருப்பு. முதல் பயணத்திலேயே முழுகிப்போன ஒரு கப்பல், அதற்கு நாலு சைஸில் கிட்! இன்னொன்று, சொந்தக் குண்டு வெடித்தே இரண்டாகப் பிளந்ததாம். அதற்குப் பளபளவென்று உறை, உள்ளே விளக்கு வேறு எரியுமாம். முழுகிய கப்பலுக்கு இவ்வளவு மரியாதை. முழுகாமல், யாரையும் முழுகவிடாமல், அத்தனை பேருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பத்திரமாகக் கரை சேர்ந்த கப்பலுக்கு ஒரு அட்டைப் பெட்டி இல்லை.

"அதுல பீரங்கி இல்லையேம்மா" என்றார் கடைக்காரர். "பீரங்கி இல்லாத கப்பல யாரு ஒட்டுவாங்க?"

"டீசல் இல்லாம உங்க பீரங்கிக் கப்பல் எப்படிங்க போகும்? தள்ளிக்கிட்டா?"

அவர் சிரித்துவிட்டார். பாவம், அவர் மேல் கோபப்பட்டு என்ன பயன். மாதக் கடைசி ஞாயிறு ஒரு பள்ளிக்கூடத்தில் இந்தக் கிட் பைத்தியங்கள் எல்லாம் கூடி மேஜை போட்டு விற்பார்கள், அங்கே போய்க் கேளுங்கள் என்றார்.

போனேன். பெரிய ஹால். வகுப்பு பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு மேஜை மேஜையாகப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். எல்லாம் ஆம்பிளைகள். பிரிக்காத பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நடக்கிறார்கள், யாராவது மூடியைத் தொட்டால் முகம் மாறுகிறது. மேஜைக்கு மேஜை கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் கதவோரம் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் முழுக் கிட் விற்பவள் இல்லை. உதிரி விற்பவள். சக்கரம், புகைபோக்கி, படகு, நங்கூரம் என்று சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து வைத்திருந்தாள். அந்த ஹாலில் என்னை நிமிர்ந்து பார்த்த ஒரே ஆள்.

"டேங்கரா? போன மாசம்கூட வந்துச்சேக்கா" என்றாள். "வர வர ஒருத்தர் வாங்கிடறார்."

எனக்கு உயிர் வந்தது. "அவரும் டேங்கர்ல வேலை பாத்தவரா?"

"ஐயோ, அவருக்கு டேங்கர் எதுக்கு? அதுல இருக்கற சாமான்தான் வேணும். வேற எந்தக் கிட்லயும் இவ்ளோ படகும் கிரேனும் கப்பியும் வராது. குழாய் தொங்கவிடற கம்பம் இருக்கு பாருங்க, அது அவ்ளோ அழகா வரும். இங்கயே உக்காந்து, அவரே கொண்டு வந்த கட்டர்ல நறுக்கி எடுத்துப்பார். மத்த கப்பல் மேல ஒட்டினா ஜோரா இருக்குமாம். மிச்சத்த இங்கயே போட்டுட்டுப் போயிடுவார்."

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியைக் காலால் இழுத்தாள். உள்ளே கப்பல் உடல்கள். ஒன்றின் மேல் ஒன்றாக, மேலே ஒன்றுமில்லாமல், வழவழவென்று. எல்லாம் டேங்கர். நான் தையல்காரி, எனக்கு அது பட்டன் எல்லாவற்றையும் கத்தரித்து எடுத்துக்கொண்டு வீசி எறிந்த சட்டைக் குவியல் மாதிரி இருந்தது.

"யாரும்மா அவர்?"

"பேர் கேட்டதில்லக்கா. வயசானவர். விரல் நுனி எல்லாம் பசை காஞ்சு தோல் உரிஞ்ச மாதிரி இருக்கும். சட்டையில நங்கூரப் பின் குத்தியிருப்பார். ரொம்ப மரியாதையா பேசுவார். என்னைத் தங்கச்சின்னுதான் கூப்பிடுவார்."

அந்த ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி நான் ஏதோ சொல்லிவிட்டேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. ஒருவர் தன் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நகர்ந்தார். உலகத்துலயே எவனும் போடறதில்லையாம்! என் தலையில் மிளகாய் அரைத்தது போதாதென்று வருத்தமாக முகத்தை வேறு வைத்துக்கொண்டாரே, அந்த முகத்தை நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. உதிரிக்காரி இருப்பதிலேயே நல்லதாக ஒரு உடலைப் பொறுக்கி, மாலுமி அறையும் புகைபோக்கியும் மிச்சமிருந்த துண்டுகளும் தேடிச் சேர்த்து, செய்தித்தாளில் சுற்றி என் பையில் வைத்தாள்.

வீட்டில் அதைச் சாப்பாட்டு மேஜையில் பிரித்து வைத்தேன். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை ஒரு விரலால் தடவினார். "இது நம்ம நாட்டுது இல்ல, வேற கடற்படைது" என்றார். பிறகு, "ஆனா சாடை இருக்கு" என்றார். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. சோப்புத் தண்ணீரில் கழுவினார், காயவைத்தார், ஒட்டினார், சாம்பல் நிறம் அடித்தார். நான் தட்டுகளைத் தரையில் வைத்துச் சாப்பிட வேண்டியிருந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்து நாளாகிவிட்டது. சாயம் காய்ந்ததும் தேட ஆரம்பித்தார்.

"கம்பம் எங்க? குழாய்க் கம்பம்? படகு ஒண்ணுகூட இல்லையே?"

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். சொல்லிவிட்டேன். அவர் தூரிகையைக் கழுவி, துடைத்து, வைத்தார்.

"விடு. கோந்துக்குத் தேவையா இருந்திருக்கும், எடுத்திருக்கான்."

"தேவையா இருந்திருக்குமா? பொய் சொல்லியிருக்காருங்க உங்க கோந்து!"

"ஒரு கப்பல்ல இருந்து இன்னொரு கப்பலுக்குப் போறதுதானே. நாங்க செய்யாததா?"

இந்த மனுஷனை என்ன செய்வது? கொடுத்துக் கொடுத்தே பழகிவிட்டார். இவர் வீட்டுக்குள் ஒருவன் திருட வந்தால்கூட இருட்டில் கால் தடுக்கும் என்று விளக்கைப் போட்டுக் கொடுப்பார். நீங்கள் கொடுத்தது வேறு, அவர்கள் உருவியது வேறு என்று நான் கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. இவர் எழுந்து போய் எங்கள் ஜன்னலை மூடினார்.

விழா நாளன்று கப்பலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். இவர் வேண்டாம் என்றார். நான் செருப்பைப் போட்டு வாசலில் நின்றுவிட்டேன். ஹாலில் எல்லாரும் பதக்கம் குத்திக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நேராகக் கண்ணாடிப் பெட்டியிடம் போனேன். இப்போது எனக்குப் பார்க்கத் தெரிந்திருந்தது. க்ரூஸரின் பின்பக்கத்தில் இரண்டு குழாய்க் கம்பங்கள். அதற்கடுத்த போர்க்கப்பலில் நாலு படகுகள், ஒரே அச்சு. அதற்கடுத்ததில் கிரேன். பெட்டி முழுக்க எங்கள் சாமான். நான் துண்டைப் பிரித்தேன்.

கோந்து பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் மனுஷன் அசரவில்லை. "அட, கிடைச்சுடுச்சா தங்கச்சி!" என்றார்.

"கிடைச்சுது அண்ணே. நீங்க சாப்பிட்டு மிச்சம் வச்சது கிடைச்சுது."

சங்கத்துச் செயலாளர் வேகமாக வந்தார். அவரும் க்ரூஸர்காரர்தான், சட்டை மடிப்பு கலையாதவர். விஷயத்தைக் கேட்டார். கப்பலை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒன்று சொன்னார் பாருங்கள்.

"உங்க ஆர்வம் புரியுதும்மா. ஆனா பாதி மாடலப் பெட்டிக்குள்ள வைக்க முடியாது. முழுசா இருக்கணும். அது சங்கத்து விதி."

"அப்படியா? இதோட மிச்சப் பாதி ஏற்கெனவே உங்க பெட்டிக்குள்ளதான் இருக்கு. விதிப்படி பாத்தா இதையும் உள்ள வச்சாத்தானே முழுசாகும்?"

யாருக்கோ டீ புரையேறியது. கோந்து குறுக்கே வந்தார். "தங்கச்சி, அதெல்லாம் சும்மா பிளாஸ்டிக். ஒட்டினதப் பிச்சா எல்லாக் கப்பலும் பாழாயிடும். மேலும் இது நம்ம கப்பலே இல்ல, வேற நாட்டுக் கப்பல்."

"உங்க கப்பல் மேல ஒட்டியிருக்கற கம்பம் மட்டும் எந்த நாடு அண்ணே?"

அவர் சட்டையில் குத்தியிருந்த நங்கூரப் பின்னைத் திருகிக்கொண்டு நின்றார். ஒருவராவது, அத்தனை பதக்கங்களில் ஒரே ஒருவராவது, "அந்தம்மா சொல்றது நியாயம்" என்று வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். இவர் கையால் எண்ணெய் வாங்கி வீடு வந்து சேர்ந்தவர்கள்தானே எல்லாரும்? டீக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவரோ என் முந்தானையை மெல்லப் பிடித்து இழுத்து, "விடும்மா" என்றார்.

"சரி சரி, நேரமாச்சு" என்று செயலாளர் கையைத் தட்டினார். "அப்புறம் பேசிக்கலாம். எல்லாரும் இடத்துக்கு வாங்க. பங்க், கேமராவ எடுப்பா."

இவர் கை தானாகக் கேமராப் பைக்குப் போனது. நான் அதற்கு முன்னால் பையைப் பிடுங்கினேன்.

"இன்னைக்கு நான் எடுக்கறேன். இவரும் நிக்கட்டும்."

செயலாளர் கோந்தைப் பார்த்தார், கோந்து கூரையைப் பார்த்தார். "சரி, அந்த ஓரமா நில்லுப்பா" என்றார் செயலாளர், பெரிய மனது பண்ணி. பெட்டி முடிகிற இடத்துக்கும் அப்பால், தீயணைப்புக் குப்பி மாட்டியிருக்கிற தூணுக்குப் பக்கத்தில் இவர் போய் நின்றார். கப்பலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சாய்ந்துவிடக் கூடாது என்று மட்டம் பார்த்துப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் அவரவர் கப்பலுக்குப் பின்னால் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார்கள்.

கேமராவில் கண்ணை வைத்தேன். எல்லாரும் அடங்க வேண்டுமானால் நான் பின்னால் சுவர்வரை போக வேண்டும். நான் முன்னால் போனேன். தூணிடம் போய், ஒரு முட்டியை மடக்கி, நிதானமாக எடுத்தேன். ஏதோ புதுக் கோணம் என்று நினைத்து அவர்கள் எல்லாம் அசையாமல் நின்றார்கள், பாவம். இவர் மட்டும் நான் என்ன செய்கிறேன் என்று புரிந்து கண்ணை அகலமாக்கினார். அந்தக் கண்ணோடுதான் படம் விழுந்தது.

"இன்னொண்ணு எடுத்துருங்கம்மா, சேஃப்டிக்கு" என்றார் செயலாளர்.

"ஒண்ணே போதும். நல்லா வந்திருக்கு."

பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சங்கத்துக்கு நானே கொண்டு போய்க் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று சாயங்காலமே போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன், இவரும் கேட்கட்டும் என்று.

"என்னம்மா இது?" செயலாளர் குரலில் மடிப்பெல்லாம் கலைந்திருந்தது. "ஃப்ரேம் போட ஆள் வந்து நிக்கறான். சுவர்ல மாட்டற வருஷப் படம்மா இது! இதுல பங்க் ஒருத்தன்தானே இருக்கான், மத்தவங்க எல்லாம் எங்க?"

"இவர் இத்தனை வருஷமா எங்க இருந்தாரோ, அங்கதான் சார். படத்துக்கு வெளிய."

செயலாளர் ஆரம்பித்தார். ஒழுங்கு என்றார், மரபு என்றார், மூத்தவர்களுக்கு அவமரியாதை என்றார். கடைசியில், "பங்க்கக் கூப்பிடுங்க, நான் அவன்கிட்ட பேசிக்கறேன்" என்றார். இவர் ஏற்கெனவே எழுந்து வந்து பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையை நீட்டினார். மன்னிப்புக் கேட்கப் போகிறார், என் வீட்டுக்காரர், கம்பத்தையும் படகையும் கொடுத்தது போதாதென்று இதையும் கொடுக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டே போனைக் கொடுத்தேன்.

அவர் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் காதில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் பேசுவதை எல்லாம் வழக்கம்போலப் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"அதையே மாட்டுங்க சார்."